துதி பொங்கலோடு நின்றுவிடாமல் இருக்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 31 இரவு மதுரையில் எந்தத் தேவாலயத்துக்குப் போனாலும் உட்கார இடம் கிடைக்காது. பாடல், சாட்சி, புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை எல்லாம் முடிந்து, மணி பன்னிரண்டைத் தாண்டும்போது பலர் மனதுக்குள் ஒரு தீர்மானம் எடுக்கிறார்கள்: இந்த வருஷம் தினமும் ஒரு மணி நேரம் ஆண்டவரைத் துதிப்பேன். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் அந்தத் தீர்மானம் அநேகமாக நின்றுபோயிருக்கும். நின்றபின் வருவது வெறும் ஏமாற்றம் அல்ல. "எனக்கு விசுவாசம் போதவில்லை" என்ற குற்ற உணர்வு. பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. வீட்டு ஜெபக் குழுக்களில் ஆண்டுதோறும் காணும் இந்த நிலையைப் பற்றிச் சில நடைமுறைச் செய்திகளைத் தங்கள் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள அனுமதி கேட்கிறோம். எங்கள் உறுதியான கருத்து இது: தினசரித் துதி நின்றுபோவது விசுவாசக் குறைவால் அல்ல, அதை அமைத்த விதத்தால். அமைப்பைச் சரிசெய்யலாம்.

ஒரு மணி நேரம் என்று நேர்ந்துகொள்வதிலேயே முதல் பிழை இருக்கிறது. அந்த அளவு, மனம் உச்சத்தில் இருந்த ஓர் இரவில் எடுத்த அளவு. ஜனவரி மாதச் செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு அது பொருந்தாது. குழாயில் தண்ணீர் வரும் நேரம், பால், டிபன் பாக்ஸ், பள்ளி வேன் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும்போது அந்த ஒரு மணி நேரத்தைத் தூக்கத்திலிருந்துதான் வெட்டி எடுக்க வேண்டும். நான்கு நாள் வெட்டலாம். ஐந்தாம் நாள் உடம்பு கணக்கு கேட்கும்.

வேதாகமத்தில் தினசரித் துதி எப்படி நடந்தது என்று பார்த்தால் அது உணர்ச்சியை நம்பி நடக்கவில்லை. 1 நாளாகமம் 23ஆம் அதிகாரம் 30ஆம் வசனம் ஆலயப் பணிக்கென்று வைக்கப்பட்ட லேவியரின் வேலையைச் சொல்கிறது: காலைதோறும் நின்று கர்த்தரைப் போற்றித் துதிப்பது, மாலையிலும் அப்படியே. 25ஆம் அதிகாரத்தில் பாடகர் 288 பேரை 24 முறைகளாகச் சீட்டுப்போட்டுப் பிரித்திருக்கிறார்கள். அதாவது துதிக்கு முறைப் பட்டியல் இருந்தது. தன் முறை வந்தவர் அன்று மனம் பூரித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் போய் நின்றார். தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்காலில் நின்றதும் (தானியேல் 6:10) அப்படித்தான். ராஜாவின் தடை உத்தரவு வந்த நாளிலும் "தான் முன் செய்துவந்தபடியே" செய்தார் என்பதே அந்த வசனத்தின் அழுத்தம். பழக்கம் முன்பே இருந்ததால்தான் நெருக்கடியில் அது தாங்கியது.

ஆகவே ஏழு நிமிடத்தில் தொடங்குங்கள். குறைவு என்று தோன்றும், தோன்றட்டும். முதல் அரை நிமிடம் பேசாமல் நிற்பது அல்லது உட்காருவது. அடுத்து ஒரு சங்கீதம் (கத்தோலிக்கர் வழக்கில் திருப்பாடல்) வாய்விட்டு வாசிப்பது. 103ஆம் சங்கீதத்தின் 22 வசனங்களை நிதானமாக வாசிக்க ஏறத்தாழ மூன்று நிமிடம் ஆகும். 100ஆம் சங்கீதம் அரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். பிறகு இரண்டு நிமிடம், துதிக்கான காரணங்களைச் சொந்த வார்த்தையில் சொல்வது. இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் முழுப் பழக்கமும் இதில்தான் நிற்கிறது. அதன்பின் ஒரு பல்லவி அல்லது ஒரு சரணம் பாடி, கர்த்தர் கற்பித்த ஜெபத்தோடு முடிக்கலாம். விண்ணப்பங்களை இந்த ஏழு நிமிடத்துக்குள் விடாதீர்கள். அவை வேண்டாதவை என்பதால் அல்ல, அவை பெரிய இடம் பிடிப்பவை என்பதால். கடன், வரன், தேர்வு முடிவு என்று ஒன்று உள்ளே வந்தால் மீதி நேரம் முழுதும் அதற்கே போய்விடும். விண்ணப்பத்துக்கு வேறு வேளை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வேளை என்பதைக் கடிகாரத்தை வைத்து அல்ல, தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையை வைத்துத் தீர்மானிப்பது நல்லது. "ஐந்தரைக்கு" என்றால் ஒருநாள் ஐந்தே முக்காலுக்கு எழுந்தவர் இன்று தவறிவிட்டது என்று விட்டுவிடுவார். "அடுப்பில் பால் வைக்குமுன்" என்றால் தவற வழியில்லை. மல்லிகைத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் மொட்டு விரியுமுன் பறிக்க இருட்டிலேயே கிளம்ப வேண்டும். அவர்களைக் காலை ஐந்து மணிக்கு உட்காரச் சொல்வது நியாயமே இல்லை. பூவை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து கைகால் கழுவும் நேரம் அவர்களுக்குச் சரி. கப்பலூர் பக்கம் மில்லில் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு, வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுமுன் உள்ள ஏழு நிமிடம். கத்தோலிக்கக் கிராமங்களில் மூவேளைச் செபத்துக்கு அடிக்கும் கோயில் மணி செய்வதும் இதுவே: நினைவைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, வயலில் நிற்பவரை அந்த வேளைக்கு நிறுத்துகிறது.

இன்னொன்று: செல்பேசியைக் கையில் எடுக்குமுன் துதி முடிந்திருக்க வேண்டும். செல்பேசியில் வேதாகமம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது; அதற்கு மேலேயே வாட்ஸ்அப் அறிவிப்பும் இருக்கிறது. அச்சிட்ட வேதாகமம் தலைமாட்டில் இருக்கட்டும், செல்பேசி வேறு அறையில் சார்ஜில் இருக்கட்டும். கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்துப் பதிப்பு கிடைக்கிறது.

இனி காரணம் பற்றி. சங்கீதங்களில் மிகச் சிறியது 117. இரண்டே வசனம். முதல் வசனம் ஜாதிகளையும் ஜனங்களையும் துதிக்க அழைக்கிறது. இரண்டாம் வசனம் அவருடைய கிருபை பெரியது, அவருடைய உண்மை என்றென்றைக்கும் உள்ளது என்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டும் தனித்தனி வாக்கியங்களாக நிற்கின்றன. எபிரெய மூலத்தில் இரண்டுக்கும் நடுவே "ஏனெனில்" என்ற பொருளுள்ள ஒரு சிறு சொல் இருக்கிறது. துதியுங்கள், ஏனெனில் இவர் இப்படிப்பட்டவர். துதிச் சங்கீதங்களில் பெரும்பாலானவற்றின் எலும்புக்கூடு இதுதான்: அழைப்பு, பிறகு காரணம். அழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிடும்போது வாயில் மிஞ்சுவது "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்ற ஒலி. ஒலி சீக்கிரம் சலிக்கும். சலிப்பு வந்ததும் ஆவியின் வறட்சி என்று பயப்படுகிறார்கள். வறட்சி அல்ல, சொல்வதற்கு விஷயம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதனால் அந்த இரண்டு நிமிடத்தில் மூன்று காரணங்களைச் சொல்லிப் பழகுங்கள். ஒன்று அன்று வாசித்த சங்கீதத்திலிருந்து, தேவன் எப்படிப்பட்டவர் என்பது. ஒன்று கிறிஸ்துவின் செயலிலிருந்து: அவருடைய பிறப்போ சிலுவையோ உயிர்த்தெழுதலோ. மூன்றாவது கடந்த 24 மணி நேரத்திலிருந்து. இந்த மூன்றாவதில் பொதுவாகப் பேசக் கூடாது. "எல்லா ஆசீர்வாதங்களுக்கும் நன்றி" என்பது எதையும் சொல்லாத வாக்கியம். "நேற்று ராத்திரி பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கியதே, அதற்கு ஸ்தோத்திரம்", "கூலி பாக்கி ஐந்நூறு ரூபாய் கேட்காமலே வந்ததே, ஸ்தோத்திரம்", "அக்கா மூன்று மாதத்துக்குப் பிறகு போன் பேசினாளே, ஸ்தோத்திரம்." இப்படிச் சொல்லத் தொடங்கினால் பகலிலேயே கண் தேட ஆரம்பிக்கும்: நாளைக் காலைக்கு எதைச் சொல்வது என்று. மனம் மாறும் இடம் அதுதான். காலையின் ஏழு நிமிடம் பகல் முழுதும் வேலை செய்கிறது.

இதை ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு ஒரே வரி எழுதி வையுங்கள். ஒரு வரிக்கு மேல் வேண்டாம். பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கியவர்கள் இரண்டு வாரத்தில் நிறுத்துவார்கள். 103ஆம் சங்கீதம் "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று ஆத்துமாவுக்குக் கட்டளையிடுகிறது. மறதிதான் துதிக்குப் பகை என்று சங்கீதக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. சாப்பிட்டுத் திருப்தியடைந்து நல்ல வீடுகளில் குடியிருக்கும்போதே மறப்பாய் என்று உபாகமம் 8ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. நோட்டின் பயன் நல்ல மாதத்தில் தெரியாது. மோசமான மாதத்தில் பின்பக்கம் புரட்டும்போது தெரியும்.

எந்தச் சங்கீதம் என்று தினமும் தேடினால் தேடுவதிலேயே நேரம் போகும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் இரண்டு மாதம் ஏழே சங்கீதங்களைச் சுற்றிச் சுற்றி வாசிக்கலாம்: ஞாயிறு 100, திங்கள் 8, செவ்வாய் 103, புதன் 13, வியாழன் 136, வெள்ளி 22, சனி 145. புதன்கிழமைக்கு 13ஐ வைத்ததற்குக் காரணம் உண்டு. "எதுவரைக்கும், கர்த்தாவே" என்று முறையிட்டுத் தொடங்கி ஆறே வசனத்தில் "அவரைப் பாடுவேன்" என்று முடிகிற சங்கீதம் அது. வாரத்தின் நடுவில் சோர்ந்திருப்பவருக்கு அதுவே வழி. வெள்ளிக்கிழமையின் 22, இயேசு சிலுவையில் எடுத்துச் சொன்ன வார்த்தையோடு தொடங்கி, 22ஆம் வசனத்திலிருந்து சபை நடுவே துதிப்பேன் என்று திரும்புகிறது. இரண்டு மாதத்தில் இந்த ஏழில் பாதி மனப்பாடமாகிவிடும். அதன்பின் தேதி முறைக்கு மாறலாம். இன்று தேதி 7 என்றால் 7, 37, 67, 97, 127 ஆகிய ஐந்தில் ஒன்று. தேதியோடு முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டே போனால் போதும். ஐந்து மாதத்தில் 150ம் முடியும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு: 29ஆம் தேதி வரிசையில் 119 வந்துவிழும், அது 176 வசனம். அதை எட்டெட்டு வசனமாகப் பிரித்து 31ஆம் தேதிகளுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இதைவிட ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்குத் திருச்சபையின் பழைய ஏற்பாடுகள் காத்திருக்கின்றன. கத்தோலிக்கத் துறவறத்தாரின் காலைப் புகழும் மாலைப் புகழும் 4 வாரச் சுற்றில் சங்கீதங்களைக் கொண்டுவருகின்றன. காலையில் சகரியாவின் பாட்டு, மாலையில் மரியாளின் பாட்டு, படுக்குமுன் சிமியோனின் பாட்டு, மூன்றும் லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களில் இருப்பவை. ஆங்கிலிக்க ஜெபப்புத்தகம் 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குக் காலை மாலை என்று பங்கிட்டது. சிமியோனின் பாட்டு நான்கே வசனம். விளக்கை அணைக்குமுன் குழந்தைகளோடு சொல்ல அதைவிடப் பொருத்தமானது இல்லை.

சொற்களைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது, ஏனென்றால் "துதி வேறு, ஸ்தோத்திரம் வேறு" என்று கறாராகப் பிரித்துக் கற்பிப்பவர்கள் இருக்கிறார்கள். தேவன் யார் என்பதற்குத் துதி, அவர் செய்ததற்கு ஸ்தோத்திரம் என்பது வசதியான பிரிவுதான். ஆனால் நம் பழைய மொழிபெயர்ப்பு அப்படிப் பிரிக்கவில்லை. 103ஆம் சங்கீதத்தின் "ஸ்தோத்திரி" எபிரெயத்தில் வாழ்த்துவதைக் குறிக்கும் சொல். 1 தெசலோனிக்கேயர் 5:18இன் "ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" கிரேக்கத்தில் நன்றி சொல்வதைக் குறிக்கும் சொல். கத்தோலிக்கப் பொது மொழிபெயர்ப்பு முன்னதற்குப் போற்றுவதையும் பின்னதற்கு நன்றி கூறுவதையும் வைத்திருக்கிறது. ஜெபிக்கிறவர் சொல்லைப் பற்றி மிரள வேண்டியதில்லை. நன்றியில் தொடங்கினால் போற்றுதலுக்கு மனம் தானே ஏறும்.

பாட்டுக்கு வருவோம். மதுரைக்காரர்களுக்கு இதில் ஓர் உரிமையே உண்டு. மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) பாடல்கள் அப்படித்தான் தென்மாவட்டச் சபைகளின் வாயில் ஏறின. கீர்த்தனையின் கட்டுக்கோப்பைக் கவனியுங்கள்: பல்லவி துதிக்க அழைக்கும், சரணங்கள் ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லும், காரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்பும். 117ஆம் சங்கீதத்தில் பார்த்த அதே எலும்புக்கூடு. ஆனால் இன்று பல கூடுகைகளில் பல்லவியை மட்டும் பத்துமுறை பாடிவிட்டுச் சரணத்தைத் தாண்டிப் போகிறார்கள். வீட்டில் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு சரணம் என்று எடுத்துக்கொண்டால் ஐந்து சரணக் கீர்த்தனை ஒன்று திங்கள் முதல் வெள்ளிவரை ஓடும்.

காலையில் தொண்டை திறந்திருக்காது. எடுத்த எடுப்பில் உயரமாகத் தொடங்கினால் சரணத்தில் குரல் உடையும். இரண்டு நாள் அப்படி ஆனால் பாடுவதை விட்டுவிடுவார்கள். சரணத்தின் உச்ச வரியை முதலில் மெல்ல முனகிப் பாருங்கள். அது சிரமமில்லாமல் வந்தால் அந்தச் சுருதியிலேயே பல்லவியைத் தொடங்கலாம். பொதுவாக ஆண்களுக்கு 1 முதல் 2 கட்டையும் பெண்களுக்கு 5 அல்லது ஐந்தரைக் கட்டையும் இயல்பு. விடியற்காலையில் அரைக்கட்டை இறக்கிக்கொள்வது நல்லது. யூடியூபில் பாட்டை ஓடவிட்டுக் காய் நறுக்குவதைத் துதி என்று கணக்கில் எழுதாதீர்கள். கேட்பது நல்லதுதான், ஆனால் எபிரெயர் 13:15 சொல்வது நம் சொந்த உதடுகளின் கனியை.

"ஆயிரம் ஸ்தோத்திரம்" புத்தகங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் அவை இருக்கின்றன, நல்ல நோக்கத்தோடு தொகுக்கப்பட்டவை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வரிக்கு 4 விநாடி என்றால் 1,000 வரிக்கு 4,000 விநாடி, அதாவது 1 மணி 7 நிமிடம். இதை அரைமணியில் முடிக்கிறார்கள் என்றால் ஒரு வரிக்கு இரண்டு விநாடிகூட இல்லை. அந்த வேகத்தில் நாக்கு ஓடும், மனம் உட்காராது. அஞ்ஞானிகளைப் போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று மத்தேயு 6:7இல் ஆண்டவர் சொன்னது எண்ணிக்கையை நம்புகிற இந்தப் போக்கைப் பற்றித்தான். புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். நாளுக்கு 33 வரியாகப் பிரியுங்கள். வரிக்குப் பத்து விநாடி கொடுத்தாலும் ஐந்தரை நிமிடத்தில் முடியும், ஒரு மாதத்தில் புத்தகம் முடியும். ஜெபமாலை சொல்லும் கத்தோலிக்கர்களுக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு பத்து மணியின் முடிவிலும் தந்தைக்கும் மகனுக்கும் தூய ஆவியாருக்கும் மாட்சிமை சொல்லும் வரி வருகிறது. ஐம்பது மணிக்குள் ஐந்து முறை. அந்த ஐந்து இடத்தில் மட்டும் நிதானித்து நின்றால் அந்த ஜெபமாலையே வேறாகிவிடும்.

குடும்ப ஜெபத்தில் துதி கெடுவதற்கு முக்கியக் காரணம் பெரியவர்கள். பையன் எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, "ஆண்டவரே, இவன் படிக்கவே மாட்டேன் என்கிறான், இவனுக்கு நல்ல புத்தி கொடும்" என்று தாயோ தகப்பனோ ஜெபிக்கும்போது, பையனுக்கு அது ஜெபம் அல்ல, திட்டு. தேவனிடம் பேசுவதாகச் சொல்லிப் பிள்ளையிடம் பேசுகிற இந்த வழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும். பிள்ளைகளோடு 136ஆம் சங்கீதத்தைச் செய்து பாருங்கள். 26 வசனம், ஒவ்வொன்றின் முடிவிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வரும். பெரியவர் முதல் பாதியை வாசிக்க, பிள்ளைகள் மறுமொழி சொல்ல வேண்டும். பத்து வசனம் போதும். பிறகு அவர்களையே சொந்த வரி சொல்லச் சொல்லுங்கள்: "மழை வந்து பள்ளிக்கூடம் லீவு விட்டாங்க" என்று ஒரு பிள்ளை சொன்னால் எல்லோரும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சொல்லத்தான் வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வைத்தால் சின்னப் பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். சாப்பாட்டுக்கு முன் வையுங்கள். பசி இருக்கும்போது யாரும் பிரசங்கம் பண்ணவும் மாட்டார்கள்.

சத்தம் எவ்வளவு? சங்கீதங்கள் வாயையும் நாவையும் உதடுகளையும் பற்றிப் பேசுவதால் மனதுக்குள் நினைப்பதோடு நிறுத்தாமல் வாய்விட்டுச் சொல்வதே சரி. ஆனால் நம் ஊரில் பாதிப்பேர் குடியிருப்பது காம்பவுண்டு வீடுகளில், ஒரே சுவருக்கு இரு பக்கமும் குடும்பங்கள். தன் காதுக்குக் கேட்கும் அளவு போதும். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை சட்டப்படித் தடை உண்டு. குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல்தான். அண்டை வீட்டுக்காரர் தூக்கத்தைக் கெடுத்துவிட்டுத் துதித்தேன் என்று சொல்வது அன்புக்கு ஒத்துவராது. வீட்டில் ஒருவர் மட்டுமே கிறிஸ்தவராக இருக்கும் குடும்பங்களும் இந்தப் பக்கத்தில் நிறைய. அந்தச் சகோதரிகள் அடுப்படியில் நின்றுகொண்டே முணுமுணுக்கும் இரண்டு வசனம் எந்தப் பேராலயத்தின் பாடலுக்கும் குறைந்ததல்ல. மாமியாருக்கு எதிரான போராட்டமாக அதை ஆக்காமல் இருந்தால் போதும்.

துக்கத்தைப் பற்றி எங்களுக்கு வருத்தம் மிக உண்டு. பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்த தாயிடம் "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று வசனம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பது யோபு தன் வாயால் தன் இழப்பைப் பற்றிச் சொன்னது. மற்றவர் அவர் வாயில் திணித்ததல்ல. அவருடைய நண்பர்கள் செய்ததிலேயே சரியான காரியம், வாய் திறக்காமல் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்ததுதான். எபேசியர் 5:20இல் எல்லாவற்றிற்காகவும் என்று எழுதிய அதே பவுல், ரோமர் 12:15இல் அழுகிறவர்களுடனே அழுங்கள் என்றும் எழுதினார். சங்கீதப் புத்தகத்துக்கு எபிரெயத்தில் "துதிகள்" என்று பெயர். அந்தத் துதிகளுக்குள்ளேதான் முறையீடுகள் நிறைந்து கிடக்கின்றன. 88ஆம் சங்கீதம் ஒரு வெளிச்சமும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் துதிகளின் புத்தகத்திலிருந்து யாரும் நீக்கவில்லை. துக்க நாட்களில் அதே வேளையில், அதே இடத்தில் உட்கார்ந்து 88ஐ வாசித்துவிட்டு எழுந்தாலும் அன்றைய துதி முடிந்தது. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அது துதிக் குறைவு அல்ல, மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. அரசு இராசாசி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது.

துதித்தால் இன்னது கிடைக்கும் என்று விலை பேசுவதும் பழக்கத்தை அரிக்கும். யூதாவின் ராஜா யோசபாத்தின் பாடகர் சேனைக்கு முன் நடந்து வெற்றி வந்தது (2 நாளாகமம் 20) என்பதை ஒரு சூத்திரம்போலச் சொல்கிறார்கள். அந்த அதிகாரத்தில் அதற்கு முன்பு உபவாசம் இருக்கிறது, செய்ய வேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை என்ற அறிக்கை இருக்கிறது. கிடைக்காத நாளில் என்ன செய்வது என்பதற்கு ஆபகூக் 3:17-18 இருக்கிறது: அத்திமரம், திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுமந்தை, மாட்டுத்தொழுவம் என்ற இந்த ஆறின் பலனும் இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார். உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்து மானாவாரி விவசாயிக்கு இந்தப் பட்டியல் யாரும் விளக்கிச் சொல்லாமலே புரியும்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு வேலைக்காரம்மாவின் சம்பளத்தைப் பிடித்துவைத்தால், பாட்டுகளின் இரைச்சலை அகற்று என்ற ஆமோஸ் 5:23 நமக்குத்தான். சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்தைப் பிரிக்கும் சபையின் துதியும் அந்த வசனத்தின் கீழேதான் வரும்.

ஒரு நாள் தவறினால்? மறுநாள் பதினான்கு நிமிடம் செய்யாதீர்கள். கடன்போல ஏற்றிவைத்தால் மூன்று நாள் விடுபட்டபின் 28 நிமிடமாகி, அதற்குப் பயந்தே முழுதும் நின்றுவிடும். தவறிய நாள் போகட்டும். அடுத்த முறை பால் வைக்குமுன் அன்றைய சங்கீதம், அன்றைய ஏழு நிமிடம்.

இறுதியாக ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளிதழ்களில் தினமும் ராகுகாலம், நல்ல நேரம் அச்சிடுகிறீர்கள். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரம் அச்சிடுகிறீர்கள். அதே கட்டத்தில் "இன்றைய சங்கீதம்" என்று ஓர் எண்ணையும் தர இயலுமா? ஒரு வரிக்கு மேல் இடம் தேவைப்படாது. இன்றைய கத்தோலிக்கப் பொது மொழிபெயர்ப்பும் சீர்திருத்தச் சபைகளின் வேதாகமமும் ஒரே எண் வரிசையைப் பின்பற்றுவதால் எண் எல்லோருக்கும் பொருந்தும். பழைய கத்தோலிக்கப் பதிப்புகளை வைத்திருக்கும் பெரியவர்களுக்கு மட்டும் 11 முதல் 146 வரை பெரும்பாலும் ஒரு எண் குறைவாக வரும். அவர்களுக்காக எண்ணோடு அந்தச் சங்கீதத்தின் முதல் மூன்று நான்கு சொற்களையும் சேர்த்து அச்சிட்டால் தேடி எடுத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வீட்டு ஜெபக் குழுக்களை நடத்திவரும் சிலர்,
அரசரடி, மதுரை.